கைக்குழந்தையும் நடவு வேலையும்: பாலூட்டும் தாய்க்கு எளிதில் தயாராகும் சத்துணவு

கறவை மாடு வைத்திருக்கும் உழவர் எவரையும் கேட்டுப் பாருங்கள். கன்று ஈன்ற மாட்டுக்குத் தீவனத்தை எப்படிக் கூட்ட வேண்டும் என்று விரல் விட்டுக் கணக்குச் சொல்வார். உடல் பேணுவதற்கு ஒன்றரைக் கிலோ அடர்தீவனம். அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பிண்ணாக்கைக் குறைத்தால் மாடு முதலில் தன் உடம்பைக் கரைத்துப் பால் கொடுக்கும், பிறகு மெலியும், சினைக்கு வராது என்பதும் அவருக்குத் தெரியும். அதே வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தையோடு இருக்கும் மருமகளுக்கு எவ்வளவு உணவு கூடுதலாக வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. மனிதரை மாட்டோடு ஒப்பிடுவது முறையன்று. ஆனாலும் கணக்கு என்னவோ ஒன்றுதான்.

காவிரிப் பாசனப் பகுதியில் இந்தக் கணக்கு இன்னும் அவசியமாகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து சேர்ந்தால் குறுவை நடவு, அதை அடுத்துச் சம்பா, தாளடி, தை பிறந்தால் அறுவடை, பங்குனியில் உளுந்து பறிப்பு என்று பெண்களுக்கு வேலை ஓய்வதில்லை. நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவிவிட்ட போதிலும் கை நடவு, களை எடுப்பு, உளுந்து பயறு பறிப்பு ஆகியவை இன்றும் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் உள்ளன. ஆலை, அலுவலகம் போன்ற அமைப்புசார் தொழில்களில் வேலை செய்யும் தாய்க்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. வயலில் இறங்கும் தாய்க்கு அப்படி ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று மாதக் குழந்தையை மாமியாரிடமோ, வரப்போரத்து மரத்தில் கட்டிய தூளியிலோ விட்டுவிட்டுச் சேற்றில் இறங்குகிறவர்கள் எத்தனையோ பேர். விடியற்காலையில் ஒரு டம்ளர் தேநீர், பத்து மணிக்குத் தூக்கில் கொண்டு போன பழைய சோறு, இரண்டு மணிக்கு வீடு திரும்பியபின் மீந்த சோறும் குழம்பும். இதுதான் பலருக்கு நாள் முழுவதுமான உணவு.

இப்படிப்பட்ட தாய்க்கு அடுப்படியில் மணிக்கணக்காக நிற்கும் பலகாரங்களைச் சொல்லிப் பயனில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஆகக்கூடியவை, முன்னதாகவே செய்து வைத்துக்கொள்ளக் கூடியவை, மடியில் கட்டி வயலுக்குக் கொண்டு போகக்கூடியவை எவை என்று பார்ப்போம். எல்லாமே டெல்டா வீடுகளில் விளைகின்ற அல்லது பக்கத்துச் சந்தையில் கிடைக்கின்ற பொருட்கள்தாம்.

எவ்வளவு கூடுதலாக வேண்டும்?

தாய் ஒருநாளில் சுரக்கும் பால் ஏறக்குறைய முக்கால் லிட்டர். இந்தப் பாலுக்கான ஆற்றல் தாயின் உணவிலிருந்தோ, உடம்பிலிருந்தோ வந்தாக வேண்டும். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020-ல் வெளியிட்ட அளவின்படி, நடுத்தர உழைப்புடைய பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,130 கலோரியும், கடின உழைப்புடைய பெண்ணுக்கு 2,720 கலோரியும் தேவை. பாலூட்டும் தாய்க்கு இதற்கு மேல் முதல் ஆறு மாதத்தில் 600 கலோரியும், அடுத்த ஆறு மாதத்தில் 520 கலோரியும் கூடுதலாக வேண்டும். புரதச்சத்து வழக்கமான 46 கிராமுக்கு மேல் முதல் ஆறு மாதத்தில் 17 கிராம், பிறகு 13 கிராம் கூட வேண்டும். சுண்ணாம்புச்சத்து 1,200 மில்லி கிராம்.

600 கலோரி என்றால் என்ன? 175 கிராம் அரிசியைச் சோறாக்கிக் கூடுதலாக உண்டால் 600 கலோரி வந்துவிடும். ஆனால் அதில் புரதம் 11 கிராம்தான். சுண்ணாம்புச்சத்து மிக மிகக் குறைவு. மேலும், அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள ஒரு கூறு பயறு வகைகளில் நிறைய உள்ளது. ஆகவே சோற்றை மட்டும் கூட்டாமல், சோற்றோடு பருப்பு, பயறு, எள், கடலை, கீரை ஆகியவற்றையும் கூட்டுவதே சரியான வழி.

உணவு குறைந்தால் பால் நின்றுவிடுமா என்று கேட்கலாம். சாதாரணமாக நிற்காது. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும்; தாய் ஓரளவு மெலிந்திருந்தாலும் பாலின் அளவு பெரிதும் குறைவதில்லை. பாதிக்கப்படுபவள் தாய்தான். எலும்பிலுள்ள சுண்ணாம்புச்சத்து கரைகிறது, உடல் எடை குறைகிறது, பேறுகாலத்தில் இழந்த இரத்தம் ஊறாமல் சோகை நீடிக்கிறது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை காணப்பட்டது. சேற்றில் குனிந்து நிற்கும்போது கண் இருட்டுவதும், மூச்சு வாங்குவதும் ‘பிள்ளை பெற்ற உடம்பு’ என்பதால் மட்டும் அல்ல.

பாலின் அளவு குறையாவிட்டாலும், அதன் தரத்தில் சில சத்துகள் தாயின் உணவைப் பொறுத்தே அமைகின்றன. உயிர்ச்சத்து ஏ, பி1, பி12, அயோடின் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இவற்றுள் பி1 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெல் விளைவிக்கும் நம் பகுதிக்கு அது மிகவும் நெருங்கியது.

புழுங்கலரிசியும் வடிகஞ்சியும்

1918-ல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் டாக்டர் மக்காரிசன் தலைமையில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. ‘பெரிபெரி’ என்ற நோய்க்குக் காரணம் காண்பது அதன் வேலை. அப்பிரிவே வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அந்நாளைய சென்னை மாகாணத்தின் வட பகுதியான ஆந்திரக் கடலோர மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசியையே உண்டு வந்த மக்களிடம் இந்நோய் மிகுதியாக இருந்தது. தாய்க்குக் கைகால் மரத்துப் போகும். அவளிடம் பால் குடித்த குழந்தை பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருந்து, இரண்டு முதல் ஐந்து மாதத்துக்குள் திடீரென்று மூச்சுத்திணறி இறந்துவிடும். தாயின் பாலில் பி1 உயிர்ச்சத்து இல்லாததே காரணம். அதே காலத்தில் புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் இந்நோய் அரிதாகவே இருந்தது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்து நீரில் கரைந்து அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு ஆலையில் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. நம் முன்னோர் சத்துக்காகப் புழுக்கினார்களோ, குருணை ஆகாமல் இருக்கப் புழுக்கினார்களோ, பலன் என்னவோ தாய்க்கும் சேய்க்கும் கிடைத்தது.

இப்படிக் காத்து வைத்த சத்தை அடுப்படியில் இழப்பது இரண்டு இடங்களில். ஒன்று, அரிசியை நான்கைந்து முறை தேய்த்துத் தேய்த்துக் கழுவுவது. கல், மண் போக இரண்டு முறை அலசினால் போதும். இரண்டாவது, கஞ்சியை வடித்து மாட்டுத் தொட்டியில் ஊற்றுவது. பி1 நீரில் கரையக்கூடியது. ஆதலால் கணிசமான பகுதி வடிகஞ்சியோடு போய்விடும். குக்கரிலோ, அளவாகத் தண்ணீர் வைத்தோ பொங்கினால் இழப்பு இல்லை. வடித்துத்தான் பழக்கம் என்றால், இளஞ்சூடான கஞ்சியில் உப்பும் சிறிது மோரும் கலந்து ஒரு செம்பு தாய்க்குக் கொடுங்கள். நடவுக்குப் புறப்படும் முன் இதைக் குடித்தால் தாகத்துக்குத் தாகமும் அடங்கும். கீழே சொல்லப்போகும் சத்துமாவை இந்தக் கஞ்சியிலேயே கரைத்துக்கொண்டால் தனியாகத் தண்ணீர் கொதிக்க வைக்கும் வேலையும் மிச்சம். மாட்டுக்குத் தவிடு இருக்கிறது; அது கோபித்துக்கொள்ளாது.

பழைய சோற்றைப் பற்றிப் பலருக்கு ஐயம். தாய் பழையது சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று நிறுத்திவிடுகிறார்கள். குழந்தைக்குச் சளி பிடிப்பது கிருமியால்; தாய் உண்ட குளிர்ந்த சோற்றால் அன்று. காய்ச்சி ஆறிய தண்ணீரில், மூடிய பாத்திரத்தில் ஓர் இரவு மட்டும் ஊறிய சோறு நல்ல உணவே. குறை என்னவென்றால், அதற்குத் தொட்டுக்கொள்ள ஊறுகாயும் மிளகாயும் மட்டும் இருப்பது. வறுத்த உளுந்து, தேங்காய், புளி சேர்த்து அரைத்த துவையல் ஒரு உருண்டை, மோர் ஒரு டம்ளர், சின்ன வெங்காயம் நான்கு, வாய்ப்பிருந்தால் அவித்த முட்டை ஒன்று. இவ்வளவும் தூக்கில் போனால் அதே பழையது முழு உணவாகிவிடும்.

ஒரு முறை அரைத்தால் ஒன்பது நாள்

நேரமில்லாத தாய்க்கு எல்லாவற்றிலும் பயனுள்ளது வீட்டுச் சத்துமாவு. கேழ்வரகு அரைக் கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, நிலக்கடலைப் பருப்பு 100 கிராம், கறுப்பு எள் 50 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகையும் பயறையும் கழுவி வெயிலில் நன்றாக உலர்த்தித் தனித்தனியே மணம் வர வறுக்க வேண்டும். கடலையை வறுத்துத் தோல் நீக்க வேண்டும். எள் வெடிக்கும்வரை வறுத்தால் போதும், கருகவிடக் கூடாது. கேழ்வரகையும் பயறையும் மில்லில் அரைத்து வாருங்கள். எள்ளையும் கடலையையும் வீட்டில் மிக்சியிலோ உரலிலோ பொடித்து அந்த மாவோடு கலந்து, ஈரமில்லாத டின்னில் இறுக மூடி வைக்கலாம். எண்ணெய் வித்து சேர்வதால் இம்மாவு நாள்பட்டால் காறல் வாடை அடிக்கும். ஆகையால் மொத்தமாக அரைக்காமல், இந்த 900 கிராம் அளவிலேயே அவ்வப்போது அரைப்பது நலம். வறுப்பதும் மில்லுக்குப் போவதும் வீட்டிலுள்ள ஆண்கள் செய்யக்கூடிய வேலைகள் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறோம்.

நாளொன்றுக்கு 100 கிராம் மாவு, அதாவது குவித்து எடுத்த இரண்டு கைப்பிடி, 30 கிராம் வெல்லம், ஒரு டம்ளர் (150 மி.லி.) பசும்பால். இவ்வளவும் சேர்ந்தால் ஏறக்குறைய 580 கலோரியும், 19 கிராம் புரதமும், 500 மில்லி கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். பாலூட்டும் தாய்க்குக் கூடுதலாக வேண்டிய ஆற்றலும் புரதமும் அநேகமாக இதிலேயே அடங்கிவிட்டது. காலையில் பாதியைக் கஞ்சியாகவும், மாலையில் பாதியைச் சூடான வெல்லப்பாகு விட்டு உருண்டையாகவும் கொடுக்கலாம். கேழ்வரகு பிடிக்காதவர்கள் அதே அளவு புழுங்கலரிசியை வறுத்துச் சேர்க்கலாம். ஆனால் சுண்ணாம்புச்சத்து பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

நிலக்கடலை வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. சுருங்கியது, நிறம் மாறியது, பூசணம் பிடித்தது, கசப்பது ஆகியவற்றைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். பூசணத்தால் உண்டாகும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு வறுத்தாலும் முற்றும் அழிவதில்லை, தாய்ப்பாலிலும் இறங்கும்.

அரசு அங்கன்வாடியில் கொடுக்கும் இணை உணவுச் சத்துமாவையும் இந்த இடத்திலேயே நினைவூட்ட வேண்டும். 2013-ஆம் ஆண்டுத் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பிள்ளை பெற்ற ஆறு மாதம் வரை தாய்க்கு நாளொன்றுக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் உள்ள உணவு அங்கன்வாடி மூலம் கிடைக்க வேண்டும். பாக்கெட்டில் வரும் அந்த மாவு வறுத்து வெல்லம் சேர்த்தது. வெந்நீர் விட்டுப் பிசைந்தால் இரண்டு நிமிடத்தில் உருண்டை; ஆவியில் வைத்தால் கொழுக்கட்டை. சில வீடுகளில் அது குடும்பம் முழுவதற்கும் பங்காகிறது. சில வீடுகளில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போகிறது. தாயின் பெயரில் வந்த மாவு தாயின் தட்டுக்கே போக வேண்டும்.

அடுப்பில் பதினைந்து நிமிடம்

உளுந்தங்கஞ்சி: தோலோடு உடைத்த உளுந்து ஒரு கைப்பிடி (40 கிராம்), புழுங்கலரிசி அதே அளவு, பூண்டு ஆறு பல், வெந்தயம் அரைத் தேக்கரண்டி. உளுந்தை முந்தின நாளே லேசாக வறுத்து வைத்துக்கொண்டால் காலையில் எல்லாவற்றையும் கழுவிக் குக்கரில் போட்டு ஐந்தாறு விசில் விட்டால் முடிந்தது. மசித்து, துருவிய தேங்காய் இரண்டு மேசைக்கரண்டியும் வெல்லம் ஒரு சிறு கட்டியும் சேர்க்கவும். இனிப்பு வேண்டாதவர் உப்பும் சீரகமும் போடலாம். வெல்லம் சேர்த்தால் சுமார் 440 கலோரியும் 13 கிராம் புரதமும் கிடைக்கும். கஞ்சி கறுத்திருக்கிறது என்று தோலை நீக்க வேண்டாம். நார்ச்சத்து அதில்தான் உள்ளது. பிள்ளை பெற்றபின் பலருக்கு வரும் மலச்சிக்கலுக்கும் நல்லது.

கீரை அடை: அரிசி இரண்டு பங்கு, துவரை, கடலை, உளுந்துப் பருப்புகள் சேர்ந்து ஒரு பங்கு. இரவே ஊறப் போட்டுக் காலையில் கொரகொரப்பாக அரைத்து, கைநிறைய முருங்கைக்கீரை கலந்து வார்க்கலாம். மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு அடை வீட்டிலும், இரண்டு வாழையிலையில் மடித்து வயலுக்குமாக ஆகும். அடைக்கு வெல்லம் தொட்டுக்கொள்ளும் தஞ்சாவூர்ப் பழக்கம் நல்ல பழக்கமே.

அடுப்பே மூட்டாமல்

கெட்டி அவலை அலசிக் கால் மணி நேரம் ஊறவிட்டால் போதும். சன்ன அவலுக்கு இரண்டு நிமிடம். 100 கிராம் அவலோடு ஒரு சிறு கை வறுத்த நிலக்கடலை, வெல்லம், தேங்காய்த் துருவல் சேர்த்தால் 600 கலோரிக்கும் மேல் ஆகும். சிவப்பரிசி அவல் கிடைத்தால் இன்னும் சிறப்பு. இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் கொடுத்தபின் வயிறு பசிக்கிறது என்று சொல்லக் கூச்சப்பட்டுப் படுத்துவிடும் இளம் தாய்மார் உண்டு. அவள் தலைமாட்டிலேயே ஒரு டப்பாவில் அவலோ உருண்டையோ, ஒரு செம்புத் தண்ணீரோ வைத்துவிட்டால் எவரையும் கேட்க வேண்டியதில்லை.

பொரியும் பொட்டுக்கடலையும் ஆயுத பூசைக்கு மட்டும் உரியவை அல்ல. இரண்டும் 50 கிராம் வீதம் கலந்தால் 350 கலோரி, 15 கிராம் புரதம். தேநீர்க்கடை பன்னில் இந்தப் புரதத்தில் பாதிகூட இருக்காது.

எள்ளுருண்டை: கறுப்பு எள் 100 கிராம் வறுத்து, வெல்லம் 75 கிராம் சேர்த்து இடித்து ஆறு உருண்டை பிடிக்கலாம். ஒரு உருண்டைக்கு 140 கலோரியும் 240 மில்லி கிராம் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. எள் சூடு என்று கர்ப்ப காலத்தில் விலக்கிய பழக்கத்தைப் பிள்ளை பெற்ற பின்னும் தொடர வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து நாள் கெடாது. நடவின் நடுவே கையைக் கழுவி வாயில் போட்டுக்கொள்ள இதைவிட எளிதானது இல்லை.

முளைகட்டிய பச்சைப்பயறு இன்னொன்று. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாள் முளை வந்துவிடும். லேசாக ஆவி காட்டி, எலுமிச்சைச் சாறு பிழிந்து சுண்டலாக உண்ணலாம். எலுமிச்சையின் உயிர்ச்சத்து சி, பயறிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர உதவும். இதற்கு மாறாகச் சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்தைச் சேரவிடாமல் தடுக்கும். தேநீரை விட முடியாதவர்கள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம்.

கீரையும் மீனும்

கும்பகோணம், தஞ்சைப் பகுதி வெற்றிலைக் கொடிக்கால்களில் கொடி படர அகத்தி நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெற்றிலை விற்கும் வீட்டில் அகத்திக்கீரை ஆட்டுக்குத்தான் போகிறது. 100 கிராம் அகத்தியில் ஆயிரம் மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்தும், 8 கிராம் புரதமும் உண்டு. முருங்கைக்கீரையில் சுண்ணாம்புச்சத்து 440 மில்லி கிராம். உயிர்ச்சத்து ஏ தரும் மஞ்சள் நிறமியும் ஏராளம். சிறிது எண்ணெயில் வதக்கினால்தான் இந்தச் சத்து உடம்பில் ஒட்டும்.

மீன் உண்ணும் வீடுகளில் பாலுக்குச் சுறாப்புட்டு என்பது நாகைப் பக்கத்து நம்பிக்கை. சுறாவில் நல்ல புரதம் உண்டு. ஆனால் பெரிய சுறாக்களின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கக்கூடும். ஆகவே பாலூட்டும் காலத்தில் அதை எப்போதாவது என்று வைத்துக்கொண்டு, நெத்திலி, மத்தி, வாய்க்கால் கெண்டை போன்ற சிறு மீன்களை அடிக்கடி உண்பது மேல். நெத்திலிக் கருவாட்டையும் சென்னாக்குன்னியையும் வெந்நீரில் அலசி உப்பை நீக்கி, வெங்காயத்தோடு வதக்கினால் பத்து நிமிடத்தில் தொடுகறி தயார். முள்ளோடு உண்பதால் சுண்ணாம்புச்சத்தும் சேரும். மீன், முட்டை உண்ணாதவர்களுக்குப் பாலும் தயிரும்தான் பி12 கிடைக்கும் வழி. எனவே வீட்டுப் பால் முழுவதையும் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஊற்றிவிடாமல் அரை லிட்டரை வீட்டில் நிறுத்துங்கள்.

பத்தியம் எதுவரை?

பேறுகாலப் பத்தியத்தில் நல்லதும் உண்டு. நாற்பது நாள் ஓய்வு, எளிதில் செரிக்கும் சோறு, பூண்டுக்குழம்பு, மிளகு, சுண்டைக்காய் வற்றல், அங்காயப் பொடி ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூண்டும் வெந்தயமும் பாலைப் பெருக்கும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. அளவோடு உண்டால் தீங்கில்லை. ஆனால் அவற்றை மட்டும் நம்பிக் குழந்தைக்குப் பால் கொடுக்கும் இடைவெளியை நீட்டினால் பால் குறையத்தான் செய்யும்.

விட வேண்டியவை சில. வயிறு பெருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பது அவற்றுள் முதலாவது. வெயிலில் குனிந்து நடும் தாய்க்குத் தாகம் தீரும்வரை தண்ணீர் வேண்டும். வாய்க்கால் தண்ணீர் அல்ல, தூக்கில் எடுத்துச் சென்ற காய்ச்சிய தண்ணீர். வாயு என்று பருப்பையும் பயறையும், குளிர்ச்சி என்று கீரையையும் தயிரையும் பழங்களையும் மாதக்கணக்கில் விலக்கினால் தாய்க்கு மிஞ்சுவது சோறும் ரசமும்தான். ஏதேனும் ஒரு பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்தால் அதை மட்டும் நிறுத்தினால் போதும். சீம்பாலைப் பீய்ச்சி எறிந்துவிட்டுக் குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் பழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. கன்றுக்குச் சீம்பால் ஊட்டத் தவறாத உழவரிடம் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

‘பால் போதவில்லை’ என்று டின் மாவு வாங்கும் முன் குழந்தை நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறதா, எடை கூடுகிறதா என்று கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பால் போதுகிறது என்று பொருள். டின் மாவை விளம்பரப்படுத்துவதையே 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கலக்கும் தண்ணீரும் பாட்டிலும் சுத்தமில்லாவிட்டால் வயிற்றுப்போக்கு நிச்சயம். டின்னுக்குச் செலவிடும் பணத்தில் தாய்க்கு முட்டையும் பயறும் வாங்கலாம்.

வயலுக்குப் புறப்படும் நாளில்

புறப்படும் முன் குழந்தைக்கு வயிறாரப் பால் கொடுத்துவிட்டு, எஞ்சியதைச் சுத்தமான கையால் பீய்ச்சி, கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் மூடி, ஈரத்துணி சுற்றி நிழலில் வைக்கலாம். நம் ஊர் வெயிலுக்கு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது பாதுகாப்பு. கொடுப்பதற்குப் பாட்டில் வேண்டாம். கொதிக்க வைத்த பாலாடையே போதும். குழந்தை மீதம் வைத்த பாலை மறுபடி கொடுக்கக் கூடாது. முடிந்தால் பத்து மணி இடைவேளையில் யாராவது குழந்தையை வரப்புக்குக் கொண்டு வந்து காட்டட்டும். நடவுக் கூட்டத்தின் தலைவியிடம் முதலிலேயே சொல்லி வைத்தால் அந்தக் கால் மணி நேரத்தை எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

பூச்சிமருந்து, களைக்கொல்லி கலப்பது, தெளிப்பது ஆகிய வேலைகளைப் பாலூட்டும் தாய் செய்யவே கூடாது. மருந்து தெளித்த வயலில் களை எடுத்திருந்தால் கை, கழுத்து, மார்பு ஆகியவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவி, ரவிக்கையை மாற்றியபின் குழந்தையைத் தூக்க வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் பிள்ளை பெற்று ஆறு மாதம் வரை அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் விழுங்கினால் ஒன்றின் பலனை மற்றொன்று குறைக்கும். சுண்ணாம்புச்சத்து மாத்திரையை உணவோடும், இரும்பு மாத்திரையை அதிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளியும் கொடுக்கவும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பயந்து நிறுத்த வேண்டாம்.

விற்பதற்கு முன் பத்துக் கிலோ

மேலே சொன்ன உணவுகளில் திரும்பத் திரும்ப வருவது உளுந்தும் பயறும். அதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. சம்பா, தாளடி அறுவடைக்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது நிற்கும் பயிரிலேயே உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்பது நம் பகுதிக்கே உரிய முறை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நெல் தரிசுக்கென்றே ஆடுதுறை 3 உளுந்து போன்ற இரகங்களை வெளியிட்டது. ஏக்கருக்குப் பத்துக் கிலோ விதை, பனியிலும் எஞ்சிய ஈரத்திலும் விளைந்து சித்திரைக்குள் வீட்டுக்கு வந்துவிடும்.

வந்த உளுந்து முழுவதும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கோ வியாபாரிக்கோ போய்விடுகிறது. பிறகு ஆடி மாதத்தில் அதே வீட்டார் கால் கிலோ உளுத்தம்பருப்பைக் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்கள். பாலூட்டும் தாய்க்கு நாளுக்கு 50 கிராம் வீதம் ஆறு மாதத்துக்கு ஒன்பது கிலோ ஆகும். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், மூட்டை கட்டும் முன்பே பத்துக் கிலோவைத் தனியாக அளந்து வைத்துவிடுங்கள். பல்லில் கடித்தால் ‘கடக்’கென்று உடையும் அளவுக்குக் காயவைத்து, தோலோடு உடைத்து, தகர டின்னில் இறுக மூடினால் வண்டு அதிகம் விழாது. மாதம் ஒரு முறை வெயில் காட்டுங்கள்.

தெளிக்கும்போதே வரப்பிலும் ஒரு வரிசை பயறு ஊன்றலாம். கொல்லையில் இடமிருந்தால், மருமகள் கருவுற்றது தெரிந்த மாதத்திலேயே பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 செடிமுருங்கை விதை இரண்டை ஊன்றிவிடுங்கள். தண்ணீர் தேங்காத மேட்டுப் பகுதியாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் கீரை பறிக்கலாம்; ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்கும். குழந்தை பிறந்து வீடு வரும்போது மரத்தில் காய் தொங்கும்.